பேட்டரிக் காப்பாளர் முத்தையன்

சுனாமியன்று பங்கஜவல்லியைக் கடல் கொண்டுபோய்ப் பதினேழு மாதம் ஆகியும், அவள் எந்த ஊர்க்காரியாகச் செத்தாள் என்பது முடிவாகவில்லை.

காரைக்கால்மேட்டில் செத்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. கேட்டதற்கு, பெயர் இன்னும் திருமலைராயன்பட்டினத்தில் அப்பா வீட்டு ரேஷன் கார்டில்தான் இருக்கிறது, அங்கே போய்க் கேள் என்றார்கள். பட்டினத்துப் பட்டியலிலும் இல்லை. கேட்டதற்கு, அவள்தான் கல்யாணமாகி ஆறு வருஷத்துக்கு முன்பே மேட்டுக்குப் போய்விட்டாளே, அங்கே கேள் என்றார்கள். இரண்டு பட்டியலிலும் முத்திரை இருந்தது. ஆகவே இரண்டும் சரி. அந்தக் கணக்குப்படி பங்கஜவல்லி சாகவில்லை. ஆனால் உயிரோடிருப்பவர்களுக்கு அரிசி கொடுத்த பட்டியலிலும் அவள் இல்லை.

அவள் புருஷன் முத்தையன் விசைப்படகில் போகிறவன். அதிகம் பேசமாட்டான். அவனுக்கு அரிசியும் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம். கடற்கரையில் ஊர்ப் பஞ்சாயத்தார் நினைவுக் கல் ஒன்று வைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் பெண்டாட்டியின் பெயர் வரவேண்டும், அவ்வளவுதான். உடம்பு கிடைக்காததால் அவன் போய் நிற்பதற்கென்று ஓர் இடம் இல்லை.

ஆனால் கல்லுக்கும் ஒரு சட்டம் வந்திருந்தது. முதலில் பஞ்சாயத்தார் வாய்ச்சொல்லை நம்பியே பெயர்களைச் செதுக்க ஆரம்பித்தார்கள். கொச்சிப் பக்கம் படகு வேலைக்குப் போயிருந்த ஒருவன் எட்டு மாதம் கழித்து ஊருக்கு வந்து, கல்லில் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவன் பெயரை உளியால் அடித்து அழிக்க இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து, அலுவலக முத்திரை போட்ட காகிதம் இல்லாமல் உளி தொடாது என்று முடிவு. கல்தச்சன் வைகாசி மூன்றாம் வாரம் வரைதான் இருப்பான். அதற்குப் பிறகு அவனுக்கு வேறு ஊரில் கோயில் வேலை.

சித்திரை முடிவில் முத்தையன் காரைக்கால் நகரத்திலிருந்த கடலோரப் பெயர்ப்பட்டியல் செம்மையாக்கத் தனி அலுவலகத்துக்குப் போனான். மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கட்டிக் கிடந்தது. அலுவலகத்தில் நாலு மேசை, நாலு கம்ப்யூட்டர், நாலு பேர். எந்தக் கம்ப்யூட்டரிலும் திருத்தம் செய்ய முடியாதாம்.

"இங்க இருக்கறது நிலையான பதிவுங்க," என்றார் ஒருவர். "நிலையான பதிவுல திருத்தம் கெடையாது. திருத்தம்னா நடமாடும் பதிவுலதான். அது உங்க ஊருக்கே வரும். நீங்க ஏன் அலையறீங்க?"

நடமாடும் பதிவு வைகாசி முதல் வாரம் ஊருக்கு வந்தது. ஜீப்பின் முன்சீட்டில் ஒரு கறுப்புப் பெட்டி தனியாக உட்கார்ந்து வந்தது. தனி அலுவலர் வைத்திலிங்கம் பின்னால் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் தட்டும் பெண் ஜூலியட், அவருக்கும் பின்னால், மடியில் லேப்டாப்போடு.

பெட்டிக்குள் இருந்தது லேப்டாப்புக்குக் கரண்ட் கொடுக்கும் பேட்டரி. பள்ளிக்கூட சிலேட்டை நாலாக அடுக்கிவைத்த அளவு இருக்கும். லேப்டாப்பின் சொந்த பேட்டரி வாங்கும்போதே உயிரில்லாமல் இருந்ததால் இதைத் தனியாக வரவழைத்திருந்தார்கள். மூன்று மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. அலுவலகத் தாள்களில் இதன் பெயர் நடமாடும் மின்சேமிப்புச் சாதனம். ஊரில் எல்லோரும் பேட்டரி என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் வைத்திலிங்கத்தின் முகம் சுருங்கியது.

வீடிழந்தவர்களுக்குப் போட்ட தற்காலிகக் குடியிருப்புக்கு நடுவே பந்தல் போட்டிருந்தது. பேட்டரிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டார்கள். லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுத்தான் விழா தொடங்க வேண்டும் என்பது விதி. தொடங்கிய நேரம் அதில் பதிவாக வேண்டுமாம். திறந்து வைத்துவிட்டு வைத்திலிங்கம் பேச எழுந்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. முன்னெல்லாம் மக்கள்தான் மின்சாரத்தத் தேடிப் போனாங்க. இன்னிக்கி மின்சாரம் மக்களத் தேடி வந்திருக்கு. இந்தச் சாதனம் எங்க வேணாலும் போகும். மலை உச்சிக்குப் போகும். பாலைவனத்துக்குப் போகும். அங்கெல்லாம் நம்ம அலுவலகத்துக்கு வேலை இல்லைங்கறது வேற விஷயம். ஆனா போகணும்னா போகும்."

கூட்டத்தில் மீன் கூடை விற்கும் அமிர்தம் இருந்தாள். முத்தையனுக்கு அடுத்த கொட்டகைக்காரி. "நெழலுக்குப் போவுமான்னு கேளு," என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். "வெயிலு மண்டையப் பொளக்குது."

பேச்சு ஒரு மணி நேரம். பிறகு அலுவலகம் கடந்து வந்த பாதை பற்றி லேப்டாப்பிலேயே ஒரு படம் காட்டினார்கள். அது ஐம்பது நிமிஷம். பிறகு டீ. முதல் ஆளின் பெயரைக் கேட்டுவிட்டு ஜூலியட் அடிக்க விரலைத் தூக்கியபோது லேப்டாப் இருண்டது.

"ரொம்ப வெற்றிகரமான தொடக்கம்," என்றார் வைத்திலிங்கம்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற அலுவலகத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்டைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதில்தான் தனி அலுவலரின் ஏர்கூலரும் ஓடியது. கூலர் ஓடாதபோது சார்ஜ் ஏறும். அவர் அறையில் இல்லாதபோது கூலர் ஓடாது. ஆகவே அவர் ஊருக்குள் பதிவுக்கு வரும் நாளில்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். ஆனால் அன்றைக்குப் பேட்டரியும் அவரோடு வந்துவிடும். இந்தச் சிக்கலை ஜூலியட்தான் மெதுவாக எடுத்துச் சொன்னாள். அதை ஆராய ஒரு கடிதம் போட்டார்கள். கடிதத்துக்குப் பதில் வரும்வரை நாலு நாளைக்கு ஒரு தடவை, பாதிச் சார்ஜோடு பேட்டரி ஊருக்கு வந்து போனது. வருகைக்கு மூன்று பேர், நாலு பேர். முத்தையனின் டோக்கன் எட்டு.

இரண்டாவது தடவை முத்தையன் துணிந்து கேட்டான்.

"ஐயா, மீன் ஏலக் கொட்டாயில கரண்டு இருக்கு. வயரு நாங்க இழுத்துத் தாறோம்."

"அது நிலையான மின்சாரம்," என்றார் வைத்திலிங்கம். "நாம செய்யறது நடமாடும் பதிவு. நிலையான மின்சாரத்துல செஞ்சா அது நிலையான பதிவாயிடும். நிலையான பதிவுல திருத்தம் கெடையாது. உனக்கு வேண்டியது திருத்தம். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

முத்தையன் யோசித்துப் பார்த்தான். கேட்கக் கேட்கச் சரியாகத்தான் இருந்தது. போய் இரண்டு பேரோடு சேர்ந்து தன் போட்டுப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தான். லாரி பேட்டரி, வலையிழுக்கும்போது விளக்கு எரிவது.

"இதுவும் நடமாடுறதுதாங்க," என்றான். "இலங்கைப் பக்கம் வரைக்கும் போயிருக்கு."

வைத்திலிங்கம் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இது மீன்வளத்துல வருதுப்பா. நம்ம துறை இல்ல."

மூன்றாவது தடவை, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், முத்தையன் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். ஜூலியட் பெயர் கேட்டாள். சொன்னான். அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள். பங்கஜ என்பது வரை வந்தது. லேப்டாப் இருண்டது. பேட்டரி தோசைக்கல் மாதிரி கொதித்தது.

"அண்ணே, போயிருச்சு," என்றாள் ஜூலியட். அவள் கோட்டுச்சேரிப் பெண். குரலில் தன் தப்பு மாதிரி ஒரு கூச்சம் இருந்தது.

முத்தையன் எழுந்திருக்கவில்லை. வைத்திலிங்கம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஒருவருடைய பதிவு பாதியில் நிற்கும்போது மின்சேமிப்புச் சாதனம் அந்த ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தப் பதிவு எந்த ஊருடையது என்பதில் ஐயம் வரும்.

"ஏற்கெனவே உன் சம்சாரம் விஷயத்துல ஊரு சிக்கல் இருக்கு," என்றார் அவர். "நாம இன்னொண்ணு சேர்க்க வேணாம். சாதனம் இங்கயே இருக்கட்டும். நாளைக்கும் மறுநாளும் விடுமுறை. திங்கக்கெழம வந்து, சாதனத்த எடுத்துட்டுப் போறதுக்கு எப்படி அனுமதி வாங்கறதுன்னு பாக்கறேன்."

"லேப்டாப்பு போவலாமா ஐயா?"

"அதுக்கு வேற விதி. அது தினமும் அலுவலகத்துல பூட்டியாகணும்."

ஒரு காகிதத்தில் முத்தையனிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதன்படி அவன் நடமாடும் மின்சேமிப்புச் சாதனத்தின் தற்காலிகக் காப்பாளன். வைத்திலிங்கம் பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கி அவன் கையில் கொடுத்தார்.

"சூடு ஆகக் கூடாது. நல்லா கேட்டுக்க. சூட்டுலதான் இது கெடும். இது கெட்டா உன் பதிவும் போச்சு."

முத்தையன் அதைத் தன் கொட்டகைக்குள் கொண்டுபோனான். தார்ச்சீட்டுக் கூரை. உள்ளே நின்றால் உச்சி முடி பொசுங்கும். பேட்டரியைத் தரையில் வைத்துப் பார்த்தான், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். தொட்டால் சுட்டது. அமிர்தம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்னாடா அது, ஆபீசுக்காரன் வுட்டுட்டுப் போன புள்ள மாதிரி வெச்சுக் கொஞ்சுற."

"கெடாமப் பாத்துக்கணுமாம் அக்கா. திங்கக்கெழம வரைக்கும்."

"இந்த வெயில்லயா? மத்தியானம் புடிச்ச மீனு சாயங்காலம் நாறுது."

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். முத்தையனுக்கு வழி தெரிந்துவிட்டது. பதினாலு வயதிலிருந்து, வெயிலில் கெடக்கூடாத எதையும் அவன் ஒரே இடத்தில்தான் வைத்திருக்கிறான். போட்டிலிருந்த ஐஸ் பெட்டியைக் கழுவிக் காயவைத்துத் தூக்கிவந்தான். சைக்கிளில் போய் ஐஸ் வாங்கி வந்து உடைத்தான். அடியில் ஒரு வரிசை ஐஸ், மேலே பிளாஸ்டிக் பையில் சுற்றிய பேட்டரி, அதன்மேல் ஒரு வரிசை ஐஸ், அதன்மேல் நனைத்த சாக்கு. ஏற்றுமதிக்குப் போகும் வஞ்சிரத்துக்குக்கூட அவன் அவ்வளவு பக்குவம் பார்த்ததில்லை. வழக்கமாக ஜில்லிப்புக் கூடுவதற்கு ஐஸில் உப்புப் போடுவார்கள். அவன் போடவில்லை. பேட்டரிக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பது போட்டு பேட்டரி வைத்திருக்கும் எவனுக்கும் தெரியும்.

சனிக்கிழமை ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை ஐஸ் மாற்றினான். ஞாயிற்றுக்கிழமை ஐஸை பட்டினத்து ஐஸ்கடை நூகுவே வண்டியில் கொண்டுவந்து போட்டார்.

"தடைக்காலத்துல என்னா சரக்கு முத்தையா? சிங்கி எறாலா? எங்கிட்ட மறைக்காத."

"மீனு இல்ல பாய். எம் பொஞ்சாதி பேரு இதுலதான் நிக்கிது."

நூகு மூடியைத் திறந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். முத்தையன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடியைத் திரும்பச் சாத்தினார். அந்த நடைக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை வைத்திலிங்கம் வந்தபோது நூகுவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். முத்தையன் சாக்கை விலக்கி, ஐஸை ஒதுக்கி, பிளாஸ்டிக் பையை அவிழ்த்து, ஜில்லென்றிருந்த பேட்டரியை ஒரு துண்டில் துடைத்துக் கொடுத்தான். அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. வைத்திலிங்கம் வாங்கினார். சாய்த்தார். இணைப்புத் துளையிலிருந்து தண்ணீர் ஒழுகி அவர் செருப்பை நனைத்தது.

வைத்திலிங்கம் செருப்பை உதறினார்.

"சூடு ஆவலைங்க ஐயா," என்றான் முத்தையன்.

நூகு பேட்டரியை வாங்கிக் காதோரம் வைத்துக் குலுக்கினார். உள்ளே சலசலத்தது. "மவுத்துதான், உசுரு போயிருச்சு," என்றார்.

வைத்திலிங்கம் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் திட்டவில்லை. தொப்பி இருந்திருந்தால் கழற்றியிருப்பார், அப்படி நின்றார். அன்று மத்தியானத்துக்குள் தந்தி போல மூன்று கடிதங்கள் போயின. மறுநாளே பதில் வந்தது. புதன்கிழமை காலை மூன்று ஜீப்புகள் ஊருக்குள் நுழைந்தன. விசாரணைக் குழு, புகைப்படக்காரர், ஒரு பிரிண்டர், அதைத் தூக்க இரண்டு பேர். பதினேழு மாதத்தில் ஊர் அவ்வளவு வேகத்தைப் பார்த்ததில்லை.

பேட்டரியை ஒரு வெள்ளைத் துணியின்மேல் கிடத்தினார்கள். நாலு பக்கமும் படம் எடுத்தார்கள். முதுகிலிருந்த எண்ணை ஒருவர் படிக்க, இன்னொருவர் திருப்பிச் சொல்ல, மூன்றாமவர் எழுதிக்கொண்டார். லேப்டாப்புக்கு ஏலக் கொட்டகையிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தார்கள்.

"இது நிலையான மின்சாரமாச்சேங்க," என்றாள் அமிர்தம் கூட்டத்திலிருந்து.

"இது பதிவு இல்லம்மா, விசாரணை," என்றார் வைத்திலிங்கம். "விசாரணை எந்தக் கரண்டுலயும் நடக்கும்."

பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். குரல் கம்மியிருந்தது.

"ஒண்ணு சொல்றேன். அரசாங்கச் சொத்து ஒண்ணு போச்சுன்னா அது சும்மா போயிட முடியாது. ஒரு குண்டூசியா இருந்தாலும் சரி. அது எங்க இருந்துச்சு, யார் கடைசியா பாத்தது, எப்படிப் போச்சு, எல்லாத்தையும் கேட்டு எழுதி, முத்திரை வெச்சாத்தான் எங்க மனசு ஆறும். மனுசங்க விஷயம் வேற. மனுசங்க ஸ்டாக் ரிஜிஸ்டர்ல வர்றதில்ல."

யாரும் கைதட்டவில்லை. அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

ஜூலியட் லேப்டாப்பைத் திறந்தாள். திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"சார், பேரு எடத்துல பழசே நிக்கிது. அன்னைக்குப் பாதியில நின்னதுல்ல. அத முடிக்காம வேற பேரு எடுக்க மாட்டேங்குது."

"பேருல என்னம்மா இருக்கு? படிவம்தான் முக்கியம். முடிச்சிட்டு மேல போங்க. இன்னிக்குள்ள அறிக்கை போயாகணும்." அவருடைய செல்போன் அடித்தது. மேட்டில் சிக்னல் ஒரே இடத்தில்தான் கிடைக்கும், கோயில் பக்கம். போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கே நடந்தார். குழுவினர் நிழல் தேடி டீக்குப் போனார்கள்.

ஜூலியட் மீதி மூன்று எழுத்துகளை அடித்தாள். பங்கஜவல்லி என்று திரையில் முழுதாக நின்றது. அதன் கீழே இழப்பு அறிக்கையின் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் படித்தாள்.

"நிறம்?"

முத்தையன் வெள்ளைத் துணியின்மேல் கிடந்த கறுப்புப் பேட்டரியைப் பார்த்தான். பிறகு திரையில் இருந்த பெயரைப் பார்த்தான்.

"பச்சை," என்றான். "பச்சைப் பொடவை. ரவிக்கை மட்டும் வேற."

ஜூலியட்டின் விரல்கள் நின்றன. அவள் கோயில் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பச்சை என்று அடித்தாள்.

"கடைசியா நல்ல நிலையில பாத்தது யாரு?"

"நான்தான். போட்டு கெளம்பறப்ப கரையில நின்னுச்சு. நான் திரும்பிப் பாக்கல. ஆனா நின்னுச்சுன்னு தெரியும்."

"எங்க வைக்கப்பட்டிருந்தது?"

"வீட்டுல இருக்கறேன்னுதான் சொன்னுச்சு. தலைவலின்னு. ஞாயித்துக்கெழம, வெல நல்லா போவும், ஒம்போது மணிக்குக் கரைக்கு வந்துருன்னு நான்தான் சொன்னேன்." கடல் பக்கம் கையைக் காட்டினான். "நாங்க கடல்ல இருந்தோம். அந்த அலை எங்க போட்டுக்கு அடியிலதான் போயிருக்கு. ஒண்ணுமே தெரியல. வலையில நல்ல மீனு அன்னைக்கு."

அவள் கரையில் என்று மட்டும் அடித்தாள்.

"செயலிழந்த காரணம்?"

"தண்ணி."

"மீட்க எடுத்த முயற்சி?"

"பதினோரு நாள் தேடினேன். பட்டினம் வரைக்கும் கரையோட நடந்தேன். ஆஸ்பத்திரியில துணிய வெலக்கி வெலக்கிக் காட்டுனாங்க. எதுவும் இது இல்ல."

இவ்வளவு கேள்விகளை இதற்கு முன் எந்தப் படிவமும் அவனிடம் கேட்டதில்லை. அமிர்தம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜூலியட் கடைசிக் கேள்வியை உடனே படிக்கவில்லை. மனதுக்குள் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"காப்பாளரோட கவனக்குறைவு உண்டா?"



"உண்டு," என்றான் முத்தையன்.

அவள் அடித்தாள். அடித்துவிட்டுத் திரையை அவன் பக்கம் திருப்பினாள். இல்லை என்று இருந்தது.

"தங்கச்சி, நான் உண்டுன்னுல்ல சொன்னேன்."

"கம்ப்யூட்டரு இல்லைன்னுதாண்ணே எடுத்துக்குது," என்றாள் ஜூலியட். "இதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பிரிண்டர் காகிதத்தைத் துப்பியது. வைத்திலிங்கம் போன் பேசிக்கொண்டே வந்தார், பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார், மேலிடத்தில் யாருக்கோ எல்லாம் முறைப்படி முடிந்தது என்று சொல்லிக்கொண்டே முத்திரையும் குத்தினார். ஒரு நகல் காப்பாளருக்கு. மற்ற நகல்கள் போக வேண்டிய இடங்களுக்குப் போயின. அங்கே அவற்றை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இழப்பு அறிக்கையில் தன் பெயர் வராததால் அந்தப் பேட்டரி இன்றுவரை அலுவலகக் கணக்கில் நல்ல நிலையில் இருக்கிறது. அதன் உடல்நலம் கேட்டு வருஷத்துக்கு ஒரு கடிதம் முத்தையனுக்கு வருகிறது.

மறுநாள் அவன் காகிதத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனான். கல்தச்சன் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். காகிதத்தை வாங்கி முதலில் முத்திரையைத் தடவிப் பார்த்தான். பிறகு மேலிருந்து கீழே படித்தான். நிறம், இடம், காரணம் என்று உதடு அசைந்தது. ஓர் இடத்தில் நின்று, முத்தையனை நிமிர்ந்து பார்த்தான். உளியை வெளியே எடுத்தான்.

"நெறைய எழுதியிருக்காங்களே. எல்லாத்தையும் போடணுமா?"

"வேணாம்," என்றான் முத்தையன். "பேரு மட்டும் போதும்."